அண்ணனின் கால்விரல்கள்

மார்ச் 3, செவ்வாய்

கீழே மைதானத்தில் ஷட்டில் அடிக்கும் சத்தம். மேலே மாடி அறையில் நான் "மூச்சை விடுங்க, தோளை இறக்குங்க" என்று தொண்டை கிழியக் கத்தும் சத்தம். யார் காதிலும் ஏறவில்லை. இந்த பாட்மிண்டன் ஆட்டக்காரர்களுக்குப் பைலேட்ஸ் உடற்பயிற்சி என்றால் பாயில் உருளும் ஓய்வு நேரம். ஒரே கையால் ஆடி ஆடி உடம்பு ஒரு பக்கமாக இழுத்துப் போயிருக்கிறது, அடிபடுவதற்கு முன்னால் அதைச் சரிசெய்யத்தான் இது என்று எத்தனை முறை சொல்வது?

கோச் மட்டும் என்னை நம்புகிறார். எல்லோரும் அவரை விசில் என்பார்கள். கழுத்தில் அது இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் நம்பக் காரணம் இங்கேயே ஆடுகிற என் அண்ணன்தான். முதுகில் நரம்பு நசுங்கி, ஷூ லேஸ் கட்டக் குனிய முடியாமல் வந்தவன். "பாயில படுக்கறதுக்கு ஒரு வாத்தியாரம்மாவா?" என்று நக்கலடித்தவன். இன்று என் வகுப்பிலேயே நன்றாகச் செய்பவன் அவன்தான்.

மார்ச் 6, வெள்ளி

அடுத்த போட்டிக்கான அணியில் ஒரே ஒரு இடம் மீதி. அண்ணன் முதுகு தாங்குமா என்று விசில் மேலே வந்து கேட்டார். தாங்கும் என்றேன். அண்ணனுக்கு முப்பத்தைந்து ஆகிறது. இந்த முறை இல்லையென்றால் இனி இல்லை. அண்ணனுக்கு இடம் கிடைத்ததைச் சொன்னதும் அம்மா போனிலேயே அழுதுவிட்டாள்.

மார்ச் 10, செவ்வாய்

அண்ணன் சாக்ஸ் போட்டுக்கொண்டு பாயில் படுத்தான். வழுக்கும், கழற்று என்றேன். குளிர்கிறதாம். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் வேர்க்கிற அறை இது.

மார்ச் 11, புதன்

இன்றும் சாக்ஸ்.

மார்ச் 13, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

குப்புறப் படுத்து எதிரெதிர்க் கையையும் காலையும் தூக்கும் பயிற்சி. எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. அண்ணன் முகம் மட்டும் தூங்குகிறவன் முகம் போல இருந்தது, மூச்சும் சீராக இருந்தது. அப்போதுதான் அந்த சாக்ஸ் நினைவுக்கு வந்தது. அவன் வந்த புதிதில் விளையாட்டாகச் சொல்லியிருந்தேன்: நீ முகத்தை மறைக்கலாம், மூச்சைக்கூடப் பழக்கிக்கொள்ளலாம், வலித்தால் உன் இடது கால்விரல்கள் மடங்கும், அதை வைத்துப் பிடித்துவிடுவேன் என்று.

போய் சாக்ஸுக்கு மேலே தொட்டுப் பார்த்தேன். விரல்கள் ஐந்தும் மூடிய கை மாதிரி சுருண்டு கிடந்தன.

எல்லோரும் இறங்கிப் போகும்வரை அப்படியே படுத்திருந்தான். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னான்: "ஒரே ஒரு போட்டிதான். யார்கிட்டயும் சொல்லிடாதே."

அவனைக் காப்பாற்றக் கற்றுக்கொடுத்ததை வைத்தே என்னை ஏமாற்றியிருக்கிறான். நான் நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 14, சனி

சொன்னால் அவன் ஆட்டம் என் கையால் முடியும். சொல்லாவிட்டால் - அவன் முதுகு? என்னால முடியலடா அண்ணா. என்னை ஏன்டா இதுல மாட்டி விட்டே?

மார்ச் 16, திங்கள்

சொல்லிவிட்டேன். விசில் அணிப் பட்டியலை என் முன்னால் நீட்டினார்.

"தாங்கும்னு நீதானேம்மா சொன்னே? பேர் போயாச்சு. வலி தெரியாம இருக்க ஊசி போட்டுக்கிட்டு ஆடட்டும், அப்புறம் ரெஸ்ட் எடுக்கட்டும்."

அவ்வளவுதான். தடுக்கவும் முடியவில்லை, நல்ல பெயரும் போனது. படிக்கட்டில் அண்ணன் என்னைச் சுவரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனான். அம்மா போன் செய்து, "அவன் வாயில மண்ணைப் போடப் பாத்தியேடி" என்றாள்.

மார்ச் 21, சனி

போட்டி அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், அவன் கண்ணில் படக்கூடாது என்று. முதல் கேமை ஜெயித்தான். என்ன ஆட்டம்! தோள் இறங்கி, இடுப்பு சேர்ந்து திரும்பி, நான் சொன்னதெல்லாம் அவன் உடம்பில் இருந்தது. கொஞ்ச நேரம் சந்தோஷமாகவே இருந்தேன். அதற்கு என்னை மன்னிக்க முடியவில்லை.

இரண்டாவது கேமில் பின்னால் எகிறி ஒரு ஸ்மாஷ் அடித்தான். இறங்கியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வழுக்கிவிட்டதாக நினைத்து எழுந்திருக்கச் சொல்லிக் கைதட்டினார்கள். நான் ஓடினேன். அவன் நீளமாக, ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் வலியை மறைக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மார்ச் 23, திங்கள்

ஆபரேஷன் முடிந்தது. அம்மாவும் நானும் ஒரே பெஞ்சில், ஆளுக்கொரு ஓரத்தில்.

ஏப்ரல் 2, வியாழன்

கூப்பிடாமலே எல்லோரும் மாடிக்கு வந்துவிட்டார்கள். பாய் போதவில்லை. வெறுங்காலோடு வரிசையாகப் படுத்திருந்தார்கள். பயந்து போயிருக்கிறார்கள். ஒரு பெண் கேட்டாள், அவர்தானே எல்லாரையும் விட நல்லா செய்வார், அவருக்கு எப்படி இப்படி ஆச்சு என்று. தண்ணீர் குடிக்கப் போவது போல வெளியே போய் நின்றேன். இவர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? எந்த நம்பிக்கையில்?

ஏப்ரல் 9, வியாழன்

அண்ணன் என்னை வரச் சொன்னதாக அம்மா சொன்னாள்.

மல்லாந்து படுத்திருந்தான். இன்னும் தலையைத் தூக்கக்கூடாது. போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்களும் தெரிந்தன. நான் கால்மாட்டில் நின்றேன்.

"கால் வருமான்னு கேட்டா டாக்டர் மழுப்புறாரு. அம்மா அழுறா. உனக்குத்தான் பாக்கத் தெரியும்," என்றான். "இடது கால் விரலை மடக்கறேன். பாத்து சொல்லு."

கண்ணை இறுக மூடிக்கொண்டான். நெற்றியில் நரம்பு புடைத்தது, தாடை நடுங்கியது. துணைக்கு வந்த வலது கால்விரல்கள் மட்டும் மடங்கின.

"மடங்குதா?"

மூச்சை மெதுவாக உள்ளே இழுத்தேன். தோளை இறக்கி, சீராக வெளியே விட்டபடி சொன்னேன்.

"மடங்குதுண்ணா."