சென்றியில் கீரைப்பை

ஒக்டோபர் 9, திங்கள்
காலையில் தூறல். கொழும்பிலிருந்து, நான் மருத்துவமாதாக இருக்கும் கிளினிக்குக்குப் போஸ்டர் கட்டு. நாட்டில் எல்லோரும் தினமும் மரக்கறியும் பழமும் கூட்டிச் சாப்பிட வேண்டுமாம். அதுதான் இனித் தேசிய இலக்கு. எல்லாம் சிங்களத்தில், தமிழ் பிறகு வருமாம். ஒன்றைச் சுவரில் ஒட்டினேன். அப்பிள், திராட்சை, கரட். தாய்மார் பார்த்துச் சிரித்தார்கள். சண்டையில் பாதை பூட்டியதிலிருந்து சந்தையில் வாடல் கத்தரிக்காய்கூட இல்லை.

ஜெயந்திக்கு வயிற்றில் ஏழு மாதம். சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து உப்புவெளியில் அகதி முகாமில் இருக்கிறாள். கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறிப்போய். இரத்தம் குறைவு.

"கீரையாவது சாப்பிடுங்கோ பிள்ளை."

"நிவாரணத்தில அரிசி, பருப்பு, மா. கீரைக்கு எங்க மிசி போறது?"

புருஷன் ரவி பக்கத்தில் நின்றான்.

ஒக்டோபர் 10, செவ்வாய்
நல்ல வெயில். குடையை எங்கோ விட்டுவிட்டேன். பின்னேரம் ஜெயந்தி அழுதபடி வந்தாள். விடியக் குளக்கட்டுக்குப் பொன்னாங்காணி பிடுங்கப் போன ரவி திரும்பவில்லை. ஆமிக்காரர் சென்றியில் மறித்து வைத்திருப்பதாக மீன்காரர் சொன்னாராம்.

மறிக்கப்பட்டவர்கள் எல்லோரும் திரும்பி வருகிற காலமா இது? கீரை சாப்பிடச் சொன்னது நான்.

சீருடையோடு, போஸ்டர் ஒன்றையும் சுருட்டிக்கொண்டு சைக்கிளில் போனேன். ரவி வெயிலில் முழங்காலில். பக்கத்தில் உரப்பை.

"குளத்தில ஆரைச் சந்திக்க வந்தவன்?" அங்கிருந்த ஆமிப் பெரியவர் என்னிடம் சிங்களத்தில் கேட்டார். என் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன்: மனைவி பிள்ளைத்தாய்ச்சி, இரத்தம் இல்லை, கீரை கொடுக்கச் சொன்னது நான்தான். போஸ்டரை விரித்தேன். எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"அரசாங்கமா சொல்லுது?"

"ஓம் மாத்தயா."

பையைக் கொட்டிக் கிளறினார்கள். கீரை, சேறு, ஒரு நத்தை. பெரியவர் கையை வீசினார். "கூட்டிக்கொண்டு போங்க. இனிக் குளத்துப் பக்கம் வரக் கூடாது."

வளைவு தாண்டும்வரை இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தேன். ரவி அப்போதுதான் வாய் திறந்தான்.

"மிசி, கீரையை அள்ளினீங்களோ?"

அள்ளியிருந்தேன். நத்தையையும் சேர்த்து.

ஒக்டோபர் 11, புதன்
மழை. முகாமுக்குப் போனேன். ரவி படுத்திருந்தான், முழங்கால் வீக்கம். வேறொன்றும் இல்லை. ஜெயந்தி சோறும் கீரைச்சுண்டலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். வேண்டாம் என்றேன்.

"நீங்கள் கொண்டுவந்த கீரைதானே மிசி. பிடியுங்கோ."

வீட்டில் சோற்றோடு பிசைந்தேன். உப்புக் கூடிப்போயிருந்தது. நேற்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. எழும்பிப்போய் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.