பதினான்காம் நம்பர் சாவி

திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஏழாம் மாத செக்கப். வரிசையில் இரண்டு மணி நேரம்.

நர்சம்மா: "யூரின்ல கிருமி இருக்கும்மா. எரிச்சல் இருக்கா?"

பத்து நாளாக.

"அப்ப ஏன் சொல்லல? தண்ணி எவ்ளோ குடிக்கிற?"

தலையைக் குனிந்துகொண்டேன். லாட்ஜ் ரிசப்ஷனில் எட்டு முதல் எட்டு வரை. குடித்தால் போக வேண்டும். போவதற்கு பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறை. அதனால் குடிப்பதில்லை. சொல்ல எனக்குத்தான் வெட்கம், முதலாளிக்கு இல்லை.

மாத்திரை ஏழு நாள். "விட்டா கிட்னிக்கு ஏறும். முன்னாடியே வலி வந்துடும். குழந்த இப்பவே பொறந்தா என்ன பண்ணுவ?"

மாமியார்: "சூடுதாண்டி. எளநி குடி. வயித்துல புள்ளய வச்சிகினு இவ்ளோ மாத்திரையா?"

போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்

கேட்டேவிட்டேன். மாசமா இருக்கேன் சார், காலி ரூம் பாத்ரூமுக்குப் போய்க்கட்டுமா?

"க்ளீன் பண்ண ரூம்மா அது. உன்ன வுட்டா எல்லாரும் கேப்பாங்க. பௌர்ணமி முடியட்டும், பாக்கலாம்."

பாத்ரூம் மொத்தம் இருபத்திரண்டு. சாவியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் பலகையில். நன்றாக வாயில் வருகிறது.

வாங்க: பார்லி. பருத்தி உள்ளாடை 2. வீட்டுக்காரர் ஆட்டோவுக்கு எலுமிச்சம்பழம்.

புதன், பௌர்ணமி (மறுநாள் எழுதுவது)

ரூம் எல்லாம் புக்கிங். வாசலில் முதலாளியின் தண்ணீர்ப் பந்தல், கிரிவலம் போகிறவர்களுக்கு. புண்ணியமாம். "நீயும் ஒரு டம்ளர் குடிம்மா" என்றார். பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று மணிக்கு நடுக்கம், இடுப்பு வலி. பஸ் ஸ்டாண்டு வரை நடக்க முடியாது. பதினாலுக்கு ஆள் இன்னும் வரவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போனேன். சொட்டுச் சொட்டாக, ரத்தம் கலந்து. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பூட்டிவிட்டு எப்படிப் படி இறங்கினேனோ! ஜனத்தில் ஆட்டோ உள்ளே வர முடியவில்லை. அவர் தோளில் சாய்த்து நடத்திக் கூட்டிப் போனார்.

வியாழன், பெரிய ஆஸ்பத்திரி

டிரிப்ஸ். ஊசி. கிட்னிக்கு ஏறிவிட்டது. பிரசவ வலியை நிறுத்தவும் மருந்து போகிறது.

டாக்டரம்மா: "குழந்த இதுவரைக்கும் நல்லாருக்கு. ரெண்டு நாள் தாண்டட்டும்."

பாத்ரூம் கட்டிலிலிருந்து பத்தடி. பூட்டு கிடையாது. மாமியார் இளநீரோடு வந்தார். காலைப் பிடித்துவிட்டார்.

முதலாளி போன். எப்படி இருக்கிறாய் என்று கேட்பார் என எடுத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"பதினாலாம் நம்பர் சாவி எங்கம்மா? டூப்ளிகேட்டும் இல்ல. கஸ்டமர் நேத்துலேர்ந்து கத்துறான்."

பைக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது.

"ரெண்டு நாள் தாண்டட்டும் சார். பாக்கலாம்."