அப்பாவின் கால் நகம்

ரவாங்
24.11.1985

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் கால் கட்டைவிரல் வீக்கம் வற்றியதா?

நகத்தை வெட்டியவள் நான்தான் என்று அன்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிய டிரஸ்ஸரிடம் நான் சொல்லவில்லை. "யாருய்யா வெட்டுனது? மூலைய இப்படிக் குடைஞ்சா நகம் இன்னும் சதைக்குள்ளதான் ஏறும்" என்று அவர் திட்டியபோது, "நாந்தாங்க, கண்ணு சரியாத் தெரியல" என்றீர்கள். எல்லாம் படித்தவள் போல பிளேடை எடுத்து மூலையைக் குடைந்தவள் நான்.

அறுக்காமலே ஆறிவிடும் என்றாரே, அதன்படி தினமும் உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறவையுங்கள். நக ஓரத்துக்கு அடியில் பஞ்சு வையுங்கள். வளர்ந்ததும் நேராக வெட்டுங்கள். பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பினால் அகலமான பூட்ஸ் வாங்குகிறேன். அந்தத் தாளிலேயே இரண்டு வரி எழுதுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

டிரஸ்ஸரிடம் போய்வந்த மறுநாள் நான் இங்கே கிளம்பியபோது, நம் லயத்து வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை என் பெட்டியை நீங்கள்தான் நொண்டிக்கொண்டே தூக்கி வந்தீர்கள்.

நவமணி