ஓரத்தில் நின்ற அக்கா

மார்ச் 4

அப்பாவின் அறுபதாவது பிறந்தநாள் படம், புது வைட் லென்ஸில். மலிவு லென்ஸ்தான், ஆனாலும் எங்கள் சின்னக் கூடத்தில் பத்துப் பேரும் அடங்கிவிட்டார்கள். கதவு நிலை மட்டும் வில்லாக வளைந்திருந்தது. கம்ப்யூட்டரில் வளைவுத் திருத்தத்தைத் தட்டினேன், நிமிர்ந்துகொண்டது. அச்சுப் போட்டு ஆளுக்கொன்று கொடுத்தாயிற்று.

மார்ச் 9

அக்கா வீட்டு மாமா போன் செய்தார். அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லையாம். "அந்தப் படத்தப் பாத்ததுலேருந்து இப்படித்தான். ஒரு ஆப்பிளக் கடிச்சிட்டு படுத்துடறா."

மார்ச் 10

படத்தை மறுபடி திறந்தேன். அக்கா இடது ஓரம். கன்னம் பக்கவாட்டில் இழுபட்டு, கை தொடை அளவுக்கு இருக்கிறது. திருத்தத்தை நீக்கினேன். கதவு நிலை மறுபடி வளைந்தது, அக்கா அக்காவானாள்.

வளைந்த கோட்டை நிமிர்த்தினால் ஓரத்து ஆள் அகலமாவார். பன்னிரண்டு வருஷமாகத் தொழில் செய்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா? கல்யாணங்களில் ஒல்லியானவர்களாகப் பார்த்து ஓரத்தில் நிறுத்துகிறவன்தானே நான். அன்று கண் முழுக்கக் கதவு நிலையில் இருந்தது.

மார்ச் 11

இல்லை. நேற்று எழுதியது பொய். அன்றே பார்த்தேன். அக்காதானே, ஒண்ணும் சொல்ல மாட்டா - அப்படித்தான் விட்டேன். ஓரத்தில் நிறுத்தியதும் அதனால்தான். அண்ணியை நிறுத்தியிருந்தால் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள்.

மார்ச் 14

நேரில் போய் இரண்டு படத்தையும் காட்டினேன். "நீ குண்டாகலக்கா. எல்லாம் லென்ஸோட வேல."

வெகுநேரம் பார்த்தாள். "குடுக்கறப்பவே தெரியுமாடா உனக்கு?"

தலையாட்டினேன்.

"சரி. காபி குடிக்கறியா?" என்று எழுந்து போனாள். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 20

அக்கா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளாம். மாமாவுக்கு நிம்மதி. எனக்கு ஏன் இல்லை?

ஏப்ரல் 27

அண்ணன் மகள் வேலையில் சேர்ந்ததற்காக எல்லோரும் கூடினோம். இந்த முறை சாதாரண லென்ஸ், வெளியே மரத்தடியில். நடுவில் நாற்காலி போட்டு, "அக்கா, நீ இங்க உக்காரு" என்றேன்.

வந்தவள் என் கையிலிருந்து கேமராவை வாங்கிக்கொண்டாள். "நீதான் எந்தப் படத்துலயும் இருக்கறதில்ல. போய் நில்லு, நான் அமுக்கறேன்."

"டைமர் இருக்குக்கா."

"போடா, சொல்றேன்ல."

நன்றாகவே எடுத்திருக்கிறாள். ஒருவர் முகமும் இழுபடவில்லை. நடுவில் நாற்காலி காலியாக இருக்கிறது.