சோதிக்காமல் போட்ட கையெழுத்து

9 பிப். 2004, திங்கள்
காலையில் பனி. பிறகு வறண்ட வெயில், உதடு வெடிப்பு. பொழிச்சலூரிலிருந்து தாம்பரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. வாங்க வேண்டியவை: தேங்காய் எண்ணெய், அப்பாவுக்கு பி.பி. மாத்திரை.

கம்பெனியில் பதற்றம். பச்சைக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் பெட்டிக்காக நாங்கள் செய்த சர்க்யூட் போர்டுகளில் ஒன்பது திரும்பி வந்திருக்கின்றன. இங்கே டெஸ்டில் பாஸ் ஆனவை, ஆஸ்பத்திரியில் ஓடும்போதே நின்றுவிட்டன. நர்ஸ்கள் கவனித்ததால் குழந்தைகளுக்கு ஒன்றுமில்லையாம்.

சூப்பர்வைசர் முரளி சார்: "ஸ்டாட்டிக்தான். யாரோ கையில எர்த் ஸ்ட்ராப் மாட்டாம தொட்டிருக்காங்க. உடம்புல இருக்கற கரன்ட் ஐ.சி.ல பாஞ்சிடும். தொட்டவங்களுக்கே தெரியாது."

10, செவ்வாய்
ஒன்பதும் எங்கள் மேஜையில் செய்தவை. நானும் கலா அக்காவும்தான் அதில். அக்கா கோவளம் பக்கம், மீன்காரக் குடும்பம். சேர்ந்து எட்டு மாதம். எல்லார் கண்ணும் அவர்மேல்.

கேன்டீனில் பின்னாலிருந்து ஒரு குரல்: "மீன் கூடை தூக்கறவங்கள இங்க உக்கார வெச்சா இப்படித்தான்."

அக்கா டீயைக் குடித்து முடித்தார். பிறகு என்னிடம், "நான் டெய்லி மெசின்ல ஸ்ட்ராப்ப டெஸ்ட் பண்ணிகினுதான் குந்துறேன். பச்ச லைட்டு வந்தாத்தான் வேலயே. நீ பாத்துகினுதானே கீற?"

"ம்."

பார்த்திருக்கிறேன். நான்தான் அந்த மெஷினைத் தொடுவதில்லை. காலையில் அங்கே வரிசை, நம் முறை வருவதற்குள் வேலை சைரன் அடித்துவிடும். டெஸ்ட் நோட்டில் 'சரி' என்று கையெழுத்து மட்டும். ஸ்ட்ராப்தான் கையில் இருக்கிறதே என்ற நினைப்பு.

11, புதன்
யாரும் வருமுன் போய்ச் சோதித்தேன். சிவப்பு. தோல் வறட்சியோ என்று மணிக்கட்டை நனைத்துக்கொண்டு மறுபடி. சிவப்பு. வயர் உள்ளே அறுந்திருக்கிறது, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எத்தனை நாளாக? தீபாவளிக்கு முன்பு சோதித்ததோடு சரி.

புது ஸ்ட்ராப் எடுத்துக்கொண்டேன். பழையதைக் கைப்பையில் ஒளித்தேன். ஏன் ஒளித்தேன்?

மூன்று மணிக்கு முரளி சார் அக்காவிடம், "விசாரணை முடியற வரைக்கும் வர வேணாம்மா." அக்கா சோப்பு டப்பா, டிபன் கேரியர் எல்லாம் எடுத்துக்கொண்டு போனார். நான் தலை நிமிரவில்லை.

12, வியாழன்
வெயில். மாத்திரை வாங்க மறந்தேன். சொன்னால் என் வேலை. சொல்லாவிட்டால் அக்காவின் வேலை. நான் தொட்ட மற்ற போர்டுகள் எங்கெங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன? எந்தக் குழந்தையின் அடியில்? அம்மா: "எதுக்கு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துட்டே இருக்க?"

13, வெள்ளி
பழைய ஸ்ட்ராப்பை முரளி சார் மேஜையில் வைத்தேன். அவரே மெஷினில் மாட்டிப் பார்த்தார்.

"எப்போலேர்ந்து?"

"தெரியாது சார். தீபாவளிக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணதோட சரி."

"நோட்ல கையெழுத்து?"

"பாக்காமலே போட்டேன்."

நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய கையெழுத்து. "நானும் பாக்காமதான் போட்டிருக்கேன்," என்றார், என்னைப் பார்க்காமல். பிறகு போனை எடுத்தார். தீபாவளியிலிருந்து எங்கள் மேஜையில் செய்த எல்லாப் போர்டுகளையும் திருப்பி அனுப்பச் சொன்னார்.

16, திங்கள்
வேலை போகவில்லை. போர்டு செய்யும் லைனிலிருந்து என்னை எடுத்து, திரும்பி வரும் போர்டுகளைப் பிரிக்கப் போட்டிருக்கிறார்கள். பதினோரு அட்டைப்பெட்டி வந்தாயிற்று.

கலா அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார்கள், வந்தார். நேராக என்னிடம்.

"வூட்ல, தெருவுல இன்னா பதில் சொல்லிகினு இருந்தேன் தெரியுமா? 'ம்'னு சொன்னியே, அப்பவே வாயத் தொறந்திருக்கலாம்ல?"

"தொறந்திருக்கணும் அக்கா."

டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். எங்கள் பழைய மேஜை வேண்டாமென்று வேறு மேஜை கேட்டாராம். கொடுத்துவிட்டார்கள்.