அபி நடக்கும் படம்

பாசிர் கூடாங்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ரீத்தாவுக்கு,

நானும் அபியும் இங்கே நலம். டப்ளினில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய். ஆஸ்பத்திரி வேலைக்கு நடந்து போகும்போது காதை மூடிக்கொள்.

நம் மகள் ஏன் வீடியோவில் நடந்து காட்ட மறுக்கிறாள் என்று கேட்டிருந்தாய். அம்மா அழுதுடுவாங்க என்கிறாள். மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு அவள் முதன்முதலாக ஊன்றுகோலோடு நடந்தபோது நீ போனைக் கவிழ்த்து வைத்தாயே, அதைப் பிள்ளை மறக்கவில்லை. உன்மேல் தப்பில்லை. கடைசியில், வரைந்து அனுப்பினால் சம்மதம் என்றாள்.

பதினாறு வருடம் தொழிற்சாலையில் குழாய் வரைபடம் போட்ட கை, இது என்ன பெரிய வேலை என்று உட்கார்ந்தேன். அவளை அசையாமல் நிறுத்தி, ஸ்கேல் வைத்து அளந்து, செருப்பு வார் வரைக்கும் மையில் போட்டேன். "அப்பா, இது நடக்கல லா. பஸ்சுக்கு நிக்குது" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரிதான்.

ஸ்கேலை உள்ளே வைத்துவிட்டு, சீனக் கடையில் தூரிகையும் மைப்புட்டியும் வாங்கினேன். அபிக்கு நடைப் பயிற்சி தரும் ராசம்மா என்னிடம் எப்போதும், "முகத்தப் பாக்காதீங்க, வெயிட் எந்தக் கால்ல விழுதுன்னு பாருங்க" என்பார். அதையே பார்த்தேன். எடை விழும் காலுக்கு மை சொட்டும் கோடு. தூக்கும் காலுக்கு உலர்ந்த தூரிகையால் ஒரே இழுப்பு. கண், மூக்கு எதுவும் போடவில்லை. காகிதத்தைப் பார்த்தால் அவளைத் தவறவிடுகிறேன், அவளைப் பார்த்தால் கோடு எங்கோ போகிறது. நாற்பது தாள் குப்பைக்குப் போனது.

நேற்று ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நடந்தாள், ரீத்தா. ஏழு அடி! நான் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. நாலாவது அடியில் தடுமாறினாள். பிடிக்கப் பாய்ந்தேன், தூரிகை தாளில் இழுத்துக்கொண்டு போனது. "வராதீங்கப்பா!" என்று கத்தினாள். அப்படியே உட்கார்ந்து மீதி மூன்று அடியையும் வரைந்தேன். அவள் விழவில்லை. அந்தப் படத்தைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். நடுவில் இருக்கும் பெரிய கீறல் என் பயம். மற்றதெல்லாம் அவள்.

கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது செனாய் விமான நிலையத்துக்கு அபியும் வருவாள். ஊன்றுகோல் காரிலேயே இருக்குமாம். அவளைக் கண்டதும் ஓடி வந்துவிடாதே. அழுகை வந்தால் அழு, பரவாயில்லை. ஆனால் நின்ற இடத்திலேயே நில், அவள் உன்னிடம் வந்து சேரும்வரை.

மாதா உன்னைக் காக்கட்டும்.

உன்,
கில்பர்ட்