அப்பாவின் எலும்பில் ஒரு கறுப்புக் கோடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே என்று எழுத இன்றைக்குத்தான் எனக்குக் கை வந்தது.

அப்பா லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்ததும் தகடு வைத்ததும் உனக்குத் தெரியும். நீ போனில் கேட்டபோதெல்லாம் சேர்ந்துகொண்டு வருகிறது என்றோமே, அதில் பாதி பொய். சொன்னால் தேர்வை விட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டிவிடுவாய் என்று அப்பாதான் தடுத்தார். ஊரார் எலும்பையெல்லாம் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான், அவர் காலையும் மாதாமாதம் நானேதான் எடுத்தேன். முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இரண்டு படத்திலும் சேர்த்து எலும்பின் நான்கு பக்கமும் தெரியும். முறிவின் குறுக்கே புது எலும்பு பாலம் போட்ட பக்கங்களை எண்ணவேண்டும், மூன்று இருந்தால் சேர்ந்துவிட்டது என்று கணக்கு. இரண்டிலேயே நின்றுபோனால் இடுப்பு எலும்பைக் கொஞ்சம் எடுத்து வைத்து மறுபடி ஆபரேஷன். போன வருஷம் இதயத்தில் அடைப்பு எடுத்த மனுஷனுக்கு இன்னொரு தடவை மயக்க மருந்தா என்று டாக்டரே தயங்கினார்.

ஐந்தாம் மாதப் படத்தில் இரண்டு பக்கம் பாலம் விழுந்ததில் சந்தேகமே இல்லை, நான்காவதில் ஒன்றுமே இல்லை. மூன்றாவதில் மட்டும் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. திரையில் வெளிச்சத்தைக் கூட்டினால் காணாமல் போகிறது, குறைத்தால் வந்து நிற்கிறது. டாக்டர் ஆபரேஷனில் இருந்தார், "நீங்களே எண்ணி எழுதி வைங்க, வந்து பாக்குறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா சக்கர நாற்காலியில். உன்னிடம் மறைப்பானேன், மூன்று என்று எழுதியே விட்டேன் குட்டி. வேறு யார் காலாவது என்றால் இப்படி எழுதியிருப்பேனா என்று தோன்றியது. அழித்துவிட்டு, கூட வேலை பார்க்கிற பெண்ணைக் கூப்பிட்டு, யார் படம் என்று சொல்லாமல் காட்டினேன். அவள் யோசிக்கக்கூட இல்லை, "ரெண்டுதான்க்கா" என்றாள்.

டாக்டர் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதில் பார்த்தால் கோடு இல்லை, நகம் நுழைகிற அளவுக்குப் பிளவு. நான் எழுதியதையும் அழித்ததையும் அப்பாவிடம் சொன்னேன். "நீ மூணுன்னு சொல்லியிருந்தா மறுநாளே ஏணியில ஏறியிருப்பேன், தகடோட முறிஞ்சிருக்கும்" என்றார். அப்புறம் மெதுவாக, "இருந்தாலும் பயமா இருக்குடி" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதில்லை.

ஆபரேஷன் நான்கு மணி நேரம் ஆனது. தினமும் நான் நடக்கிற அதே தாழ்வாரத்தில், எல்லாரையும்போல பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் நாடி இறங்கியது, சமாளித்தோம் என்று பிறகுதான் சொன்னார்கள். அது நடந்து மூன்று மாதம். இன்று காலை எடுத்த படத்தை எண்ண எனக்குத் தைரியம் இல்லை, கூட வேலை பார்க்கிற அந்தப் பெண்ணையே எண்ணச் சொல்லிவிட்டு வெளியே நின்றேன். மூன்று பக்கமும் பாலம் விழுந்திருக்கிறது, நான்காவதும் தொடங்கியிருக்கிறது.

கோபம் இருந்தால் என்னைத் திட்டு, அப்பாவை விட்டுவிடு. உனக்கு ஒன்று என்றால் மட்டும் எங்களிடம் மறைக்காதே, எங்களிடம் கற்றதுதான் என்றும் சொல்லாதே. ஒரு குறையும் அண்டாமல் நீ நன்றாக இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. போனை நின்றுகொண்டே எடுப்பேன் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன் அம்மா